கட்டுமான கம்பெனிக்குப் பின்னால் இருப்பவர் யார்? பங்குப் பதிவேட்டில் தொடங்கி பென்-2 தாக்கல் வரை

கட்டுமானத் தொழிலில் ஒருவர் ஒரே ஒரு கம்பெனியோடு நிற்பது அபூர்வம். முதலில் தொடங்கிய கம்பெனி ஒன்று இருக்கும். அடுக்குமாடித் திட்டத்துக்கென்று தனிக் கம்பெனி, நிலத்தை வாங்கி வைக்க ஒரு எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), குடும்பச் சொத்துக்கு ஒரு ஹெச்யூஎஃப் (இந்து கூட்டுக் குடும்பம்), பெரிய டெண்டருக்காக இன்னொரு ஒப்பந்தக்காரரோடு கூட்டு என்று வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். இதில் தப்பு எதுவும் இல்லை. ஒரு திட்டத்தின் கடன் இன்னொரு திட்டத்தைத் தொடாமல் இருக்க இப்படித்தான் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் இத்தனை பெயர்களுக்கும் பின்னால் முடிவெடுக்கும் மனிதர் யார் என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 90-வது பிரிவு அந்த மனிதரின் பெயரைத்தான் கேட்கிறது. சட்டம் அவரை 'குறிப்பிடத்தக்க பயன்பெறும் உரிமையாளர்' என்று அழைக்கிறது. ஆடிட்டர் அலுவலகங்களில் எஸ்பிஓ என்றால் எல்லோருக்கும் புரியும். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

இந்தப் பிரிவின் இன்றைய வடிவம் 2018 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. 2019 பிப்ரவரி 8-ஆம் தேதி வந்த திருத்த விதிகள்தான் இப்போது எல்லோரும் பின்பற்றுபவை. எஸ்பிஓ விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்தான் பென்-2. அதை நிரப்புவது ஒரு மணி நேர வேலை. யாருடைய பெயரை நிரப்புவது என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்தப் பகுதியில்தான் அதிக நேரம் நிற்கும்.

உங்களுக்கு இது பொருந்துமா?

தனியுரிமைத் தொழில் என்றாலோ சாதாரண கூட்டாண்மை நிறுவனம் என்றாலோ இது பொருந்தாது. பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட் இரண்டுக்கும் பொருந்தும். சிறிய கம்பெனி என்பதால் விலக்கு கிடையாது. எல்எல்பிகளுக்கு 2023 நவம்பர் 9 முதல் தனி விதிகள் உண்டு. படிவங்களின் பெயரும் அதே போலத்தான், முன்னால் எல்எல்பி என்று சேர்ந்திருக்கும். அங்கே பங்குக்குப் பதிலாக முதலீட்டுப் பங்களிப்பைப் பார்ப்பார்கள்.

சரி, கணவர் 60 சதவீதம், மனைவி 40 சதவீதம், இரண்டும் அவரவர் பெயரில், அவரவர் சொந்தப் பணத்தில் என்றால்? தாக்கல் செய்ய எதுவும் இல்லை. நேரடியாக மட்டும் பங்கு வைத்திருப்பவர் ஏற்கெனவே பதிவேட்டில் தெரிகிறார். சட்டம் தேடுவது இன்னொரு கம்பெனி, எல்எல்பி, ஹெச்யூஎஃப், அறக்கட்டளை வழியாக மறைமுக உரிமை வைத்திருப்பவரை. மறைமுக உரிமை துளி இருந்தாலும் அதை நேரடிப் பங்கோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டியது 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அவர் எஸ்பிஓ.

அந்த 10 சதவீதம் பங்கிலும் இருக்கலாம், வாக்குரிமையிலும் இருக்கலாம், ஒரு நிதியாண்டில் பங்கிடக்கூடிய ஈவுத்தொகையிலும் இருக்கலாம். நான்காவதாக ஒரு வழியும் உண்டு. சதவீதமே பார்க்காமல், நேரடிப் பங்கு அல்லாத வேறு வகையில் கம்பெனியைக் கட்டுப்படுத்துபவரும் அதன் மேல் கணிசமான செல்வாக்குச் செலுத்துபவரும் எஸ்பிஓதான். அதைப் பிறகு பார்ப்போம்.

படி 1: இன்றைய பங்குப் பதிவேட்டை எடுங்கள்

போன வருட ஆண்டறிக்கையை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். உறுப்பினர் பதிவேட்டின் இன்றைய நிலையை எடுங்கள். பங்குகள் டீமேட்டில் இருந்தால் டெபாசிட்டரி (மின்னணுப் பங்குகளைப் பராமரிக்கும் நிறுவனம்) தரும் பட்டியலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமான கம்பெனிகள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திட்டத்துக்குப் பணம் போடும் முதலீட்டாளர் பெரும்பாலும் நேரடிப் பங்காக வாங்குவதில்லை, கடன் பத்திரமாக வாங்குவார். அந்தப் பத்திரம் கட்டாயம் பங்காக மாற வேண்டிய வகை என்றால், இந்த விதிகளின்படி அது இன்றே பங்காகக் கருதப்படும். கட்டாயம் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளும் அப்படியே. "இன்னும் மாற்றவில்லையே" என்று விட்டுவிட்டால் கணக்கே தவறிவிடும். மாற்றுவது முதலீட்டாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. பத்திர ஒப்பந்தத்தை எடுத்து எந்த வகை என்று வாசித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலத்தைக் கொடுத்துவிட்டு வீடுகளாகவோ விற்பனைத் தொகையில் பங்காகவோ வாங்கும் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் வேறு. நில உரிமையாளருக்குக் கம்பெனியில் பங்கோ ஈவுத்தொகை உரிமையோ வருவதில்லை. அந்த ஒப்பந்தத்தால் மட்டும் அவர் எஸ்பிஓ ஆகிவிட மாட்டார். நிலத்துக்கு ஈடாகத் திட்டக் கம்பெனியின் பங்குகளையே தன் எல்எல்பி பெயரில் எழுதி வாங்கினால் கதை மாறிவிடும்.

படி 2: தனிநபர் அல்லாத ஒவ்வொரு பெயரையும் திறந்து பாருங்கள்

இதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. விதியை மட்டும் சொன்னால் மண்டையில் நிற்காது, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஒரு கட்டுமான கம்பெனியின் பங்குகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா பெயரில் 40 சதவீதம். அப்பா கர்த்தாவாக, அதாவது குடும்பத் தலைவராக, இருக்கும் ஹெச்யூஎஃப் பெயரில் 8. நிலம் வாங்கும் பிரைவேட் லிமிடெட் ஒன்றின் பெயரில் 30. மூன்று பார்ட்னர்கள் உள்ள எல்எல்பி ஒன்றின் பெயரில் 12. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவான மாற்று முதலீட்டு நிதி ஒன்றின் பெயரில் 10.

ஹெச்யூஎஃப்பில் இருந்து தொடங்குவோம். அதன் பங்குகள் மறைமுகமாகக் கர்த்தாவைச் சேரும். வெறும் 8 சதவீதம்தானே என்று விட முடியாது. அப்பாவின் நேரடி 40-ஐயும் கூட்டினால் 48. மறைமுக உரிமை இருக்கிறது, மொத்தம் 10-ஐத் தாண்டுகிறது, ஆகவே அப்பா எஸ்பிஓ. ஹெச்யூஎஃப் இல்லாமல் அவர் தன் பெயரில் மட்டும் 48 சதவீதம் வைத்திருந்தால் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. அந்த 8 சதவீதம்தான் அவரைப் பட்டியலுக்குள் கொண்டுவருகிறது. சொந்தப் பெயரில் பெரும்பங்கு இருப்பவரின் சின்ன மறைமுகப் பங்கு யார் கண்ணிலும் படாது என்பதால், குடும்பக் கம்பெனிகள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான் என்பேன்.

அடுத்தது நிலம் வாங்கும் கம்பெனி. பங்குதாரர் ஒரு கம்பெனி என்றால், அதில் பெரும்பான்மை, அதாவது பாதிக்கு மேல், யாருக்கு என்று பார்க்க வேண்டும். பங்கு, வாக்குரிமை, ஈவுத்தொகை மூன்றில் எதில் பாதிக்கு மேல் இருந்தாலும் சரி. மூத்த மகனுக்கு 55, மருமகளுக்கு 45 என்று வைப்போம். பாதியைத் தாண்டியவர் மகன் மட்டும், ஆகவே அந்த 30 சதவீதமும் அவர் கணக்கில் வரும். 30-ல் 55 சதவீதம் என்று பெருக்கி 16.5 ஆக்க வேண்டியதில்லை. 2019 விதிகளில் அந்தப் பெருக்கல் கிடையாது. சரியாக 50-50 என்றால் தனித்து யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

அந்த நிலக் கம்பெனிக்கு மேல் இன்னொரு தாய்க் கம்பெனி இருந்தால் உச்சியில் இருக்கும் கம்பெனிவரை ஏறிப் போக வேண்டும். அங்கே பாதிக்கு மேல் வைத்திருக்கும் தனிமனிதர் சிங்கப்பூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் அவர் எஸ்பிஓதான். வெளிநாட்டில் இருப்பது விலக்கு ஆகாது.

மூன்று சகோதரர்கள் 34, 33, 33 என்று பிரித்து வைத்திருந்தால்? தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் பாதி இல்லை. ஆனால் விதிகளில் 'சேர்ந்து செயல்படுவது' என்று ஒரு விளக்கம் உண்டு. பொதுவான நோக்கத்தோடு ஒரு உடன்பாட்டின்படி உரிமைகளைப் பயன்படுத்துபவர்களைச் சேர்ந்து செயல்படுபவர்களாகவே கருத வேண்டும். அந்த உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அண்ணன் சொன்னால் தம்பிகள் கையெழுத்துப் போடும் வீடு என்றால், மூவரையும் அறிவித்துவிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. கணவன் மனைவிக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

எல்எல்பி விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. பங்குதாரர் எல்எல்பி என்றால் பாதிக்கு மேல் யாருக்கு என்ற கேள்வியே இல்லை. அதில் பார்ட்னராக இருக்கும் ஒவ்வொரு தனிமனிதரும் அந்தப் பங்கை மறைமுகமாக வைத்திருப்பவர்தான். நம் கணக்கில் எல்எல்பியின் 12 சதவீதம் 10-ஐத் தாண்டுவதால் மூன்று பார்ட்னர்களும் எஸ்பிஓ. சட்டப்படி இரண்டு பார்ட்னர் வேண்டும் என்பதற்காக ஒரு சதவீதம் மட்டும் கொடுத்துச் சேர்த்த அத்தை மகனும் அதில் அடக்கம். பார்ட்னரே ஒரு கம்பெனி என்றால் அந்தக் கம்பெனியில் பாதிக்கு மேல் வைத்திருப்பவரைத் தேட வேண்டும்.

செபியில் பதிவான நிதிக்கு விலக்கு இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட், ரெய்ட் (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை), இன்விட் (உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளை), மத்திய மாநில அரசுகள், அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் வைத்திருக்கும் பங்குகளுக்கும் விலக்கு. பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள். நிதி என்று பெயர் இருப்பதெல்லாம் செபியில் பதிவானது அல்ல.

கணக்கில் அறக்கட்டளை இல்லை, ஆனால் நிஜத்தில் நிறைய இருக்கும். பயனாளிக்கு எவ்வளவு என்பது டிரஸ்டியின் விருப்பத்தில் இருந்தாலோ தர்ம காரியத்துக்கான அறக்கட்டளை என்றாலோ டிரஸ்டியைப் பார்க்க வேண்டும். பயனாளியின் பங்கு நிர்ணயித்திருந்தால் பயனாளியை. திரும்பப் பெறக்கூடிய அறக்கட்டளை என்றால் அதை ஏற்படுத்தியவரை. அறக்கட்டளைப் பத்திரத்தைப் படிக்காமல் இதில் முடிவு செய்ய முடியாது.

திட்டக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நிம்மதியும் உண்டு. உங்கள் திட்டக் கம்பெனியின் தாய்க் கம்பெனியும் இதே விதிகளுக்கு உட்பட்டது என்றால், தாய்க் கம்பெனியின் விவரத்தை மட்டும் பென்-2-ல் கொடுத்தால் போதும், அந்தப் பங்குகளுக்காக மேலே ஏறும் வேலையைத் தாய்க் கம்பெனி செய்துகொள்ளும். பத்துத் திட்டத்துக்குப் பத்துக் கம்பெனி வைத்திருந்தாலும் பத்துக்கும் இது பொருந்தும். பத்துக்கும் தனித்தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

படி 3: சதவீதத்தைத் தாண்டி, பேனா யார் கையில்?

பங்கு குறைவாக இருந்தும் கம்பெனியை நடத்துபவர் வேறொருவராக இருக்கலாம். முதலீட்டு ஒப்பந்தத்தில் டைரக்டர்களில் பெரும்பான்மையை நியமிக்கும் உரிமை, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் உரிமை, வங்கிக் கணக்கில் அவர் ஆள் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

இந்த நான்காவது வழி ஏட்டளவில் இருப்பது அல்ல. 2024 மே மாதம் டெல்லி ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்), லிங்க்ட்இன் இந்தியா வழக்கில் இதைத்தான் பயன்படுத்தியது. லிங்க்ட்இனின் தாய்க் கம்பெனியான மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் சத்யா நாதெல்லா, லிங்க்ட்இன் தலைவர் ரையன் ரோஸ்லான்ஸ்கி இருவரையும் எஸ்பிஓ என்று முடிவு செய்து அபராதம் விதித்தது. யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள், டைரக்டர்கள் யாருடைய ஊழியர்கள் என்று ஆராய்ந்துதான் அந்த முடிவுக்கு வந்தார்கள். கம்பெனிக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சேர்த்து அபராதம் சுமார் ரூ.27 லட்சம். பங்குச் சதவீதத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது என்று சொல்வதற்கு இந்த உத்தரவு போதும்.

படி 4: இன்னொருவர் பெயரில் இருக்கும் பங்குகள்

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் பெயரில், மைத்துனர் பெயரில், ஊரில் இருக்கும் சித்தப்பா பெயரில் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. பதிவேட்டில் ஒருவர், பயன் இன்னொருவருக்கு என்றால் அது 89-வது பிரிவு. பெயருக்கு வைத்திருப்பவர் எம்ஜிடி-4, பயனுக்கு உரியவர் எம்ஜிடி-5 என்ற படிவங்களில் இருவரும் 30 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் கம்பெனி எம்ஜிடி-6 தாக்கல் செய்ய வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால், எஸ்பிஓ கணக்கில் அது பயனுக்கு உரியவரின் நேரடிப் பங்காகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அறிவிக்காமல் விட்டால் ஆபத்து ஆர்ஓசியோடு நிற்காது. 2016 நவம்பர் 1 முதல் கடுமையாக்கப்பட்ட பினாமி தடுப்புச் சட்டத்தில் பங்குகளும் சொத்துதான். குற்றம் உறுதியானால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிபோகும். இதில் பெயர் கொடுத்தவரும் மாட்டுவார். மாதச் சம்பளம் வாங்கும் ஒரு சூப்பர்வைசரை, அவர் என்ன கையெழுத்துப் போடுகிறார் என்றே தெரியாமல் இதற்குள் இழுத்துவிடுவது பெரிய அநியாயம். பழைய பங்குகளில் இப்படி ஏதாவது இருந்தால், பென்-2 பற்றி யோசிப்பதற்கு முன்பே வக்கீலையும் ஆடிட்டரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள்.

படி 5: பென்-4 நோட்டீஸ்

எஸ்பிஓ தானாக வந்து சொல்லட்டும் என்று கம்பெனி காத்திருக்க முடியாது. தேடிக் கண்டுபிடிப்பது கம்பெனியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. தனிநபர் அல்லாத பங்குதாரர்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர்களுக்குப் பின்னால் உள்ள எஸ்பிஓ யார் என்று கேட்கும் பென்-4 நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம் கணக்கில் நிலக் கம்பெனி, எல்எல்பி இரண்டுக்கும் போகும். செபியில் பதிவான நிதிக்கு விலக்கு இருப்பதால் அதற்குத் தேவை இல்லை. 8 சதவீத ஹெச்யூஎஃப்புக்கு இந்த விதியின்படி நோட்டீஸ் கட்டாயம் இல்லை, ஆனால் அப்பாவிடம் எஸ்பிஓ தரும் அறிவிப்பான பென்-1 வாங்கியே ஆக வேண்டும்.

எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள்தானே என்று நோட்டீஸைத் தவிர்க்காதீர்கள். பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி அத்தாட்சியை வைத்திருங்கள். பதில் தர 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, அவகாசம் முடிந்த 15 நாட்களுக்குள் கம்பெனி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமான என்சிஎல்டியிடம் போக வேண்டும். தீர்ப்பாயம் அந்தப் பங்குகளின் மாற்றம், ஈவுத்தொகை, வாக்குரிமை ஆகியவற்றை நிறுத்திவைக்கலாம். உத்தரவு வந்து ஓராண்டுக்குள் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்டு யாரும் வராவிட்டால், பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பதில் தர மறுக்கும் கூட்டாளிக்கு இதை எடுத்துச் சொன்னாலே பெரும்பாலும் கடிதம் வந்துவிடும்.

படி 6: பென்-1, பென்-2, பென்-3

எஸ்பிஓ ஆனவர், ஆன நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பென்-1 அறிவிப்பைக் கம்பெனிக்குத் தர வேண்டும். அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் கம்பெனி பென்-2-ஐ மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிறந்த தேதி, பான், முகவரி, மின்னஞ்சல், எந்த உறுப்பினர் வழியாக எவ்வளவு உரிமை, எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் கேட்பார்கள். பான் இல்லாத வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பென்-1-ஐ இணைப்பாகச் சேர்த்து, டைரக்டரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு, ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ சான்றளித்துத் தாக்கல் செய்வார்கள். பென்-1-ல் உள்ள தேதியும் பங்கு மாற்றப் பத்திரத்தில் உள்ள தேதியும் ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். முரண்பட்டால் எப்போது எஸ்பிஓ ஆனார் என்ற கேள்வி எழும், தாமதம் அதிலிருந்துதான் கணக்காகும்.

பென்-3 என்பது கம்பெனியே வைத்திருக்க வேண்டிய பதிவேடு. உறுப்பினர் கேட்டால் வேலை நாட்களில் காட்ட வேண்டும். ரூ.50-க்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது.

தேடிப் பார்த்தும் எஸ்பிஓ யாரும் இல்லை என்றால் பென்-2 தேவை இல்லை. ஆனால் எப்படித் தேடினீர்கள், யாருக்கு நோட்டீஸ் போனது, என்ன பதில் வந்தது என்பதை போர்டு கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். நாலு வருடம் கழித்து ஆர்ஓசி கேட்டால் காட்டுவதற்கு அதுதான் கையில் இருக்கும்.

தவறினால் என்ன ஆகும்? அறிவிக்காத தனிமனிதருக்கு ரூ.50,000, தொடர்ந்தால் நாளுக்கு ரூ.1,000, அதிகபட்சம் ரூ.2 லட்சம். கம்பெனிக்கு ரூ.1 லட்சம், நாளுக்கு ரூ.500, அதிகபட்சம் ரூ.5 லட்சம். பொறுப்பான ஒவ்வொரு அதிகாரிக்கும் ரூ.25,000, நாளுக்கு ரூ.200, அதிகபட்சம் ரூ.1 லட்சம். சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வந்தால் பாதியாகக் குறையும். ஆனால் இன்னொரு கம்பெனியின் துணை நிறுவனம் சிறு கம்பெனி ஆகாது, ஆகவே துணை நிறுவனமாக இருக்கும் திட்டக் கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. தெரிந்தே பொய் எழுதினால் 447-வது பிரிவு, அதாவது மோசடி. அங்கே சிறைத் தண்டனை உண்டு.

படி 7: டெண்டரிலும் வங்கியிலும் இதே கேள்வி வரும்

இங்கேதான் கட்டுமானக்காரர்கள் குழம்புகிறார்கள். கேள்வி ஒன்றுதான், ஆனால் அளவுகோல் வேறு வேறு. வங்கி பணமோசடித் தடுப்பு விதிகளைப் பின்பற்றுகிறது. அங்கே கம்பெனியில் 10 சதவீதத்துக்கு மேல் உரிமை உள்ள தனிமனிதர் எல்லோரும் வேண்டும், நேரடியாக வைத்திருப்பவரும் சேர்த்தி. ஆகவே கணவர் 60, மனைவி 40 கம்பெனி ஆர்ஓசிக்கு எதுவும் தர வேண்டாம், வங்கிக்கு இரண்டு பெயரையும் தர வேண்டும்.

அரசு டெண்டரில் 2020 ஜூலை 23-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சக உத்தரவை ஒட்டிய சான்றிதழ் கேட்கப்பட்டிருந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டைச் சேர்ந்தவரோ, அந்த நாட்டில் பயன்பெறும் உரிமையாளர் உள்ளவரோ பதிவு பெறாமல் டெண்டர் போட முடியாது என்பது அந்த உத்தரவு. அங்கே கம்பெனிக்கு 25 சதவீதத்துக்கு மேல், கூட்டாண்மைக்கு 15 சதவீதத்துக்கு மேல் என்று பார்ப்பார்கள். கூட்டாக டெண்டர் போட்டால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் இது பொருந்தும், வேலையைத் துணை ஒப்பந்தத்துக்கு விடும்போதும் பொருந்தும். சான்றிதழ் பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்யலாம். கூட்டாளியின் உரிமையாளர் விவரத்தை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்திடுங்கள். உங்கள் டெண்டர் ஆவணத்தில் இன்று என்ன வாசகம் இருக்கிறதோ அதை வைத்தே நிரப்புங்கள், பழைய டெண்டரிலிருந்து நகல் எடுக்காதீர்கள்.

மூன்று இடத்துக்கும் மூன்று பட்டியல் போனாலும், மூன்றும் ஒரே பங்கு வரைபடத்திலிருந்து பிறந்தவையாக இருக்க வேண்டும். யாருக்குள் யார், எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் கட்டம் போட்டு, தேதி எழுதி, டைரக்டர் கையெழுத்திட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

படி 8: எப்போதெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும்

வருடத்துக்கு ஒரு முறை மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் 30 நாள் கெடு எப்போதோ போயிருக்கும். கட்டுமானத்தில் உரிமை மாறுவது திட்டத்தின் வேகத்தில். புது முதலீட்டாளர் உள்ளே வரும்போது, பங்கு மாற்றத்தில் கையெழுத்தாகும்போது, பங்குதாரராக உள்ள எல்எல்பியில் பார்ட்னர் சேரும்போதும் விலகும்போதும், கர்த்தா இறந்து அடுத்தவர் பொறுப்பேற்கும்போது, கூட்டு டெண்டர் கிடைத்து அதற்கென்று புதுக் கம்பெனி தொடங்கும்போது உடனே வரைபடத்தைத் திருத்துங்கள். இவற்றில் எல்எல்பி மாற்றம்தான் உங்கள் காதுக்கு வராமலே நடக்கும். அதனால் பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே, "எங்கள் உரிமையில் மாற்றம் வந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிப்போம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 7 நாள் என்பது நான் சொல்லும் அளவு, சட்டத்தின் அளவு அல்ல. 30 நாள் கெடுவுக்குள் வேலை முடிய அந்த இடைவெளி வேண்டும்.

2023 அக்டோபர் 27-ஆம் தேதி வந்த திருத்தத்தின்படி, பங்குகளின் பயன் உரிமை பற்றி ஆர்ஓசி கேட்டால் பதில் சொல்ல ஒருவரைக் கம்பெனி நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால், கம்பெனி செக்ரட்டரி வைத்தாக வேண்டிய கம்பெனியில் அவர் மேல் அந்தப் பொறுப்பு வரும். இல்லையென்றால் நிர்வாக இயக்குநர் மேல், அவரும் இல்லையென்றால் எல்லா டைரக்டர்கள் மேலும். ஆர்ஓசிக்குத் தாக்கல் செய்யும் ஆண்டு ரிட்டர்னில் அவர் விவரத்தைக் குறிப்பிட வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய வீட்டுப் பெரியவரை இதில் போடாமல், ஒப்பந்தங்கள் எல்லாம் கண்ணில் படும் நிர்வாக இயக்குநரையோ முழுநேர டைரக்டரையோ நியமியுங்கள். ஆள் மாறினால் ஜிஎன்எல்-2 படிவத்தில் ஆர்ஓசிக்குத் தெரிவிக்க வேண்டும்.